சயனைடு மேடும் பட்டறை மண்ணும்

பொற்கொல்லர் பட்டறைகள் நெருங்கியிருந்த தெருக்களில் ஒரு காட்சியை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். விடிவதற்கு முன்னால் ஒருவர் துடைப்பமும் சாக்குமாக வருவார். பட்டறை வாசலையும் சாக்கடை ஓரத்தையும் பொறுமையாகக் கூட்டி, அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போவார். பட்டறைக்கு உள்ளே கூட்டிய மண்ணை ஆசாரி சும்மா தரமாட்டார். அதற்குப் பேரம் உண்டு. வாங்கிய மண்ணை வாய்க்காலில் மரத்தட்டில் போட்டு அரிப்பார்கள். லேசான மண் தண்ணீரோடு போய்விடும், கனமானது அடியில் தங்கும். தங்கியதில் பாதரசத்தை விட்டுப் பிசைந்தால் பொன் துகள் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். துணியில் பிழிந்து, மிஞ்சிய உருண்டையைச் சுட்டால் பாதரசம் புகையாகப் போய், குன்றிமணி அளவுக்கு மஞ்சளாக ஒன்று நிற்கும். அந்தப் புகை நுரையீரலை என்ன செய்யும் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

2024 ஜூனில் ஒரு செய்தி வந்தது. கோலார் தங்கவயலில் நிற்கும் 13 கழிவு மண் மேடுகளிலிருந்து மறுபடியும் தங்கம் எடுக்கலாம் என்று கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மேடுகள் கிடக்கும் இடம் ஆயிரம் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். அது நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேர்வதற்குள் 'குப்பை மேட்டில் டன் டன்னாகத் தங்கம், வெள்ளைக்காரன் விட்டுப்போன புதையல்' என்று உருமாறிவிட்டது. காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர் கேட்டார்: "அவ்வளவு தங்கத்தையும் பார்க்காமலா அண்ணாச்சி கொட்டிட்டுப் போனான்? சரி, நம்ம குற்றால மலையில ஏன் ஒண்ணும் கிடைக்கல?" இரண்டும் நல்ல கேள்விகள். முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம்: பார்க்காமல் கொட்டவில்லை, தெரிந்துதான் கொட்டினார்கள். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். குற்றாலத்தில் அருவிக்குப் பின்னால் தெரிகிற கரும்பாறையும், நம் பக்கத்துக் கல் குவாரிகளில் உடைபடும் பாறையும் பூமியின் மேலோட்டில் மிக ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. சார்னகைட் என்று ஒரு வகைக்குப் பெயர். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைதான் என்பதால் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1890களில் வைத்த பெயர் அது. அச்சன்கோவில் பக்கமிருந்து தென்காசி வழியாகத் தென்கிழக்கே ஒரு பெரிய பாறை முறிவுப் பட்டையே ஓடுகிறது. ஆனால் தங்கத்துக்கு வேண்டிய சரக்கு வேறு. நமக்குக் கிடைத்தது கடற்கரையில்தான்: மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், மோனசைட், கார்னெட். அதையும் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909-இல் பார்த்ததில் வந்தது அது. கனமான மணலைக் கடல் அலை அரித்து அரித்து ஓரிடத்தில் சேர்த்துவைத்திருக்கிறது. பட்டறை மண்காரர் மரத்தட்டில் செய்கிற அதே வேலை.

கோலாரின் பிறவி அப்படியில்லை. சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடலடியில் எரிமலைக் குழம்பு வழிந்து இறுகியது. தண்ணீரில் விழும் குழம்பு தலையணை தலையணையாக உறையும். அந்தத் தலையணைக் கற்களைத் தங்கவயல் பக்கம் பெத்தபள்ளியில் இன்றும் காணலாம். தேசியப் புவியியல் நினைவிடமாக அறிவித்திருக்கிறார்கள். வடக்கு தெற்காக ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு கரும்பட்டையாக அந்தப் பாறை கிடக்கிறது. சுற்றிலும் வெளிறிய கிரானைட் வகைப் பாறைகள். பின்னால் வந்த பூமி நெருக்கலில் அந்தக் கரும்பட்டை விரிசல் விட்டது. ஆழத்திலிருந்து கொதிநீர் அந்த விரிசல்களில் ஏறியது. ஏறும்போது கரைத்துக்கொண்டு வந்த மணற்சத்தையும் பொன்னையும், சூடும் அழுத்தமும் குறைந்த இடத்தில் விட்டுவிட்டது. நாம் வெங்கச்சங்கல் என்கிறோமே, அந்த வெள்ளைக் கல்தான் விரிசலில் நரம்பாக உறைந்தது. பொன் அதற்குள்ளே.

இந்த நரம்புகளில் இரண்டு சாதி உண்டு. கழிவு மேட்டுக் கதைக்கு இது முக்கியம். கிழக்குப் பக்கத்து நரம்பு சாம்பியன் ரீஃப். வெங்கச்சங்கல் அதிகம், கந்தகம் குறைவு. பொன் தனித் துகளாக இருக்கும். மேற்குப் பக்கத்து நரம்புகளில் கந்தகமும் ஆர்சனிக்கும் சேர்ந்த இரும்புக் கனிமங்கள் அதிகம். அங்கே பொன்னின் ஒரு பகுதி அந்தக் கனிமங்களுக்குள்ளேயே புதைந்து, கண்ணுக்கு மட்டுமல்ல, பாதரசத்துக்கும் எட்டாமல் இருக்கும்.

தங்கவயலின் ஆரம்ப வரலாறு பலருக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1802-இல் லெப்டினன்ட் ஜான் வாரன் எல்லை அளக்கப் போனவர், மண்ணில் பொன் கிடைக்கிறது என்ற பேச்சைக் கேட்டுப் பரிசு அறிவித்தார். உரிகம் கிராமத்தார் மாட்டு வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் முன்னாலேயே அரித்துக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் குறுகிய குழிகளில் இறங்கிக் கல்லை வெட்டி எடுத்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அதாவது ஆங்கிலேயர் 'கண்டுபிடித்த' இடத்தில் ஏற்கெனவே ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1871 வாக்கில் மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ் முன்னாள் சிப்பாய் வாரனின் குறிப்பைப் படித்துவிட்டுப் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டியில் கிளம்பினார். 1875-இல் மைசூர் அரசு உரிமம் கொடுத்தது. 1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி கைக்கு வந்தது. போட்ட முதல் எல்லாம் கரைந்து, இனி மூடிவிடலாம் என்ற நிலையில்தான் சாம்பியன் ரீஃப் அகப்பட்டது.

அதே வருஷங்களில் நம் மாநிலத்திலும் ஒரு பொன் பித்து நடந்தது. நீலகிரியில் கூடலூரை அடுத்த தேவாலா, பந்தலூர். பிரஃப் ஸ்மித் என்ற ஆஸ்திரேலியச் சுரங்க அதிகாரி நல்ல அறிக்கை கொடுக்க, 1880-ஐ ஒட்டி லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் கிளம்பின. இரண்டு மூன்று வருஷத்தில் எல்லாம் ஊதி அணைந்தன. டன்னுக்குக் கிடைத்த பொன் செலவைக் கட்டவில்லை. அந்தப் பழைய சுரங்கங்களில் திருட்டுத்தனமாக இறங்கி மண் எடுப்பவர்களைப் பற்றிய செய்தி இன்றைக்கும் வருகிறது. மூச்சு முட்டிச் செத்தவர்களும் உண்டு. பாறையில் பொன் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, எடுக்கும் செலவை அது கட்டுமா என்பது வேறு கேள்வி. தேவாலா முதல் கேள்வியில் தேறி இரண்டாவதில் விழுந்த ஊர்.

கோலார் இரண்டிலும் தேறியது. சுரங்கத்திலிருந்து மேலே வந்த கல்லை இரும்பு உலக்கைகள் வரிசையாக இடித்துப் பொடியாக்கும். பொடி தண்ணீரோடு சேர்ந்து பாதரசம் பூசிய செம்புத் தகடுகள் மேல் வழியும். பொன் ஒட்டிக்கொள்ளும், மீதி வெளியே போகும். வெளியே போனதில் கணிசமான பொன்னும் போனது. மிக நுண்ணிய துகளும், கனிமத்துக்குள் பூட்டிக் கிடந்த பொன்னும் தகட்டில் ஒட்டாதல்லவா?

1887-இல் கிளாஸ்கோவில் ஜான் மக்ஆர்தர் என்பவரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் ஒரு வழி கண்டார்கள். மிகவும் நீர்த்த சயனைடு கரைசலில், காற்றும் படும்படி வைத்தால், தங்கம் சர்க்கரை மாதிரி கரைந்துவிடும். சர்க்கரை அளவுக்கு வேகமாக இல்லை, பல மணி நேரம் ஆகும். அந்தக் கரைசலில் துத்தநாகத்தைப் போட்டால் துத்தநாகம் கரைந்து தங்கம் வெளியே வந்து படியும். கரைசலில் சுண்ணாம்பைச் சேர்த்தே ஆக வேண்டும். அமிலம் பட்டால் சயனைடு விஷவாயுவாகிக் கிளம்பிவிடும். தங்கவயலுக்கும் 1890களில் சயனைடு வந்தது. அதுவரை கழிவென்று ஒதுக்கிய மண் மறுபடி தொட்டிக்குப் போனது. ஆகக் கழிவிலிருந்து பொன் எடுப்பது இன்றைய யோசனை இல்லை. பட்டறை மண் கணக்கில் அது மிகப் பழையது. தங்கவயலிலேயே அதற்கு நூறு வயதுக்கு மேல்.

சயனைடில் ஊறி வெளியே வந்த பொடி மண்ணைத்தான் மேடு மேடாகக் கொட்டினார்கள். ஊரார் அதற்குச் சயனைடு மேடு என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

1990களில் வங்கி வேலையாகச் சில வருஷம் பெங்களூரில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்காருப்பேட்டையில் மாறி மாரிக்குப்பம் ரயிலில் போனேன். அந்தக் கிளைப் பாதையே சுரங்கத்துக்காக 1894-இல் போட்டது. ரயிலில் ஏறினால் கன்னட நாட்டில் இருக்கிறோம் என்ற நினைப்பே போய்விடும். பெட்டி முழுக்கத் தமிழ், வடாற்காட்டு வாடையோடு. மேடுகளை முதலில் பார்க்கும்போது மலை என்றுதான் நினைத்தேன். உச்சி தட்டையாக, சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறத்தில், மழை அறுத்த ஓடைகள் உடம்பெல்லாம் கீறிக் கிடந்தன. புல் பூண்டு அபூர்வம். கையில் எடுத்தால் முகத்துக்குப் பூசும் பவுடர் போல வழுக்கியது. எனக்குச் சாப்பாடு போட்ட வீட்டு அம்மா சொன்னார்கள்: "பங்குனி சித்திரையில காத்து அடிச்சா, சோத்துப் பானையை மூடியே வெக்கணும் சார். கொடியில துணி காயாது, மண்ணுதான் காயும்."

அந்த மண்ணுக்குப் பின்னால் இருக்கும் கைகள் பெரும்பாலும் தமிழருடையவை. வடாற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து பஞ்ச காலத்திலும் அதற்குப் பின்னாலும் நிலமில்லாத தலித் மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே போனார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. குற்றாலம் பேரருவி ஏறக்குறைய 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஐம்பது பேரருவியை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்த ஆழம். கீழே பாறையே கையை வைக்க முடியாத சூடு. திடீரென்று பாறை வெடித்துச் சிதறும். எத்தனையோ பேர் அதில் போனார்கள். தப்பியவர்களில் பலருக்குக் கல்தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ். ஆழத்துக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது: வானிலிருந்து வரும் மற்றக் கதிர்களைப் பாறை தடுத்துவிடுவதால், 1965-இல் டாடா ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே நியூட்ரினோவைப் பிடித்துக் காட்டினார்கள். 

பொன்னைத் தோண்டுகிறவன் பொன்னைத் திருடுவான் என்ற சந்தேகம் எப்போதும் இருந்தது. தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யப் போகிறார்கள் என்று கிளம்பியபோது, 1930-இல் மூன்று வாரம்போல் மொத்த வயலும் வேலை நிறுத்தம் செய்தது. எங்களை என்ன குற்றவாளிகள் என்று நினைத்தீர்களா என்பதுதான் விஷயம். இந்த மக்களிடம் புத்தகமும் சங்கமும் சீக்கிரமே வந்துவிட்டன. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் தொடங்கிய 'தமிழன்' இதழ், பிறகு அப்பாதுரையார் கையில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. 'தங்கலான்' படம் 2024-இல் வந்தபோதுதான் இளையவர்கள் இதையெல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். வங்கிக்காரன் கணக்கில்லாமல் பதிவு எழுதினால் தூக்கம் வராது.

நூற்றிருபது வருஷத்தில் தங்கவயல் கொடுத்தது சுமார் 800 டன் தங்கம். அதற்கு அரைத்த கல் 5 கோடி டன்னுக்குக் கொஞ்சம் மேல். சராசரி பார்த்தால் ஒரு டன் கல்லுக்கு ஏறக்குறைய 16 கிராம், அதாவது இரண்டு பவுன். ஆரம்பத்தில் இதைவிட எவ்வளவோ கூடுதல், கடைசியில் மிகக் குறைவு. இப்போது மேடுகளில் நிற்பது சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் மண். அதில் டன்னுக்கு 0.7 கிராம் அளவில் தங்கம் இருக்கிறது என்கிறார்கள். பெருக்கினால் 23 டன். வாட்ஸ்அப்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்த 23-ஐத்தான். நான் வகுத்தும் பார்க்கிறேன். 10 டன் லாரி ஒன்றில் மண்ணை நிரப்பினால் அதில் 7 கிராம். ஒரு லாரி மண்ணுக்கு ஒரு பவுன்கூட முழுசாகத் தேறாது. அந்த ஏழு கிராமும் முழுக்க வரவும் வராது. ஏற்கெனவே சயனைடில் ஒருமுறை குளித்துவிட்டு வந்த மண் அது. எளிதாகக் கரையக்கூடிய பொன் அப்போதே கரைந்து போயிற்று. மிஞ்சியது பிடிவாதக்காரப் பொன். கந்தகக் கனிமத்துக்குள் பூட்டியது, போதுமான அளவு அரைபடாத மணிக்குள் இருப்பது. மறுபடி நுணுக்கி அரைத்து, காற்றூட்டி, நீண்ட நேரம் ஊறவைத்தால் அதில் ஒரு பகுதி வரும்.

அப்படியானால் யாராவது ஏன் இதைத் தொட வேண்டும்? ஏனென்றால் பெரிய செலவுகள் செய்து முடித்தாயிற்று. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இறங்கி, வெடி வைத்து, கல்லை மேலே ஏற்றி, இடித்துப் பொடியாக்கிய செலவு அந்தக் காலத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. உயிர்ச் செலவும் அதில்தான் சேர்ந்திருக்கிறது. மண் கைக்கெட்டிய உயரத்தில் பொடியாகவே நிற்கிறது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது பவுன் விலை நாலாயிரம் ரூபாயைத் தொடவில்லை. ஒரு கிராம் எடுக்கிற செலவோ விற்கிற விலையைப் போல் பல மடங்கு. 2025 நடுவில் பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டி நின்றது. மேட்டில் இருக்கும் பொன் ஒரு மில்லிகிராம்கூடக் கூடவில்லை. விலைதான் கூடியது. அன்றைக்குக் குப்பை, இன்றைக்குத் தாது.

இதை ஏற்கெனவே பெரிய அளவில் செய்து காட்டிய ஊர் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க். அங்கே பொன் வந்த வழி கோலாரைப் போல் விரிசல் நரம்பு இல்லை. ஆதிகாலத்து ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த கூழாங்கல் படுகையில் இறுகிய பொன். நம் சிற்றாற்றுக் கூழாங்கற்களை முன்னூறு கோடி வருஷம் புதைத்து வைத்தால் எப்படியோ, அப்படி. ஆனால் கழிவு மேடு அங்கேயும் அதேதான். 1970களின் கடைசியிலிருந்து அந்த மேடுகளை வேகமான தண்ணீர்ப் பீச்சலால் அறுத்து, குழம்பாக்கி, குழாயில் ஆலைக்கு அனுப்பி, டன்னுக்கு மூன்றில் ஒரு கிராம் அளவுள்ள மண்ணைக்கூட லாபத்தோடு கரைக்கிறார்கள். ஒரு மேட்டின் உச்சியில் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி சினிமா நடந்துவந்தது. ஊர் முழுக்கப் பிரபலம். அதையும் மூடிவிட்டு, அந்த மேட்டையே கரைத்துவிட்டார்கள். பொன் துரும்புக்காகச் சினிமாக் கொட்டகையின் அஸ்திவாரத்தைக் குடித்தவர்கள் அவர்களாகத்தான் இருக்கும்.

கோலாரில் அவ்வளவு சுலபமில்லை. மேடுகளின் அடிவாரத்திலேயே தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள். ஒரு ஆள் படுத்தால் இன்னொருவர் நடக்க முடியாத அந்த வீடுகளில் மூன்றாம் நான்காம் தலைமுறை இருக்கிறது. சுரங்கம் மூடியபின் அவர்களில் ஆயிரக்கணக்கானோர் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். பாக்கி, இழப்பீடு, வீட்டுக்குப் பட்டா என்று ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் கால் நூற்றாண்டாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு நாள் மேட்டின் தூசியை வாங்கியவர்களுக்கு மேட்டின் பொன்னில் என்ன பங்கு என்று அவர்கள் கேட்டால், அதை நான் பேராசை என்று சொல்லமாட்டேன். ஏலப் பத்திரத்தில் முதல் பக்கத்தில் வர வேண்டிய கேள்வி அது என்பது என் கட்சி.

நண்பர் கடைசியாக இன்னொன்று கேட்டார். "மேட்டைக் கரைச்சு எடுத்துட்டா ஊருக்குத் தூசித் தொல்லையாவது போயிருமே?" அதுவும் பாதிதான் சரி. சரியாகச் செய்தால் தூசியும், கந்தகக் கனிமம் மழையில் அமிலமாகி ஆர்சனிக்கோடு ஓடைக்கு இறங்குவதும் குறையும். சயனைடு என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுகிறோம். வெயிலிலும் காற்றிலும் அது மெல்லச் சிதைந்துவிடும். ஆர்சனிக் சிதையாது. ஒரு டன் மண்ணில் முக்கால் கிராம்கூட வராத பொன்னை எடுத்தபிறகு மீதி எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே ஒரு டன். 3 கோடியே 30 லட்சம் டன்னும் அப்படியே நிற்கும், முன்னைவிட நுணுக்கமாக அரைபட்டு, ஈரமாக. அதற்கு அடியில் விரிப்புப் போட்டு, மேலே மண் மூடி, செடி பிடிக்கவைக்க வேண்டும். அதைச் செய்ய இடமும் வேண்டும், பணமும் வேண்டும். பவுன் விலை இறங்கினாலும் அந்த வேலையை முடிக்கக் கட்டுப்பட்ட ஒருவரும் வேண்டும்.